ஜெர்ரி லூயிஸ் சினிமாஸ்: பொத்தானை அழுத்தினால் படம் ஓடும் என்று விற்ற கதை

வடக்குவாசல்
மகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு எங்கள் ஊரில் ஒரு பழைய ஷாப்பிங் சென்டரில் நடக்கிறது. நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு இந்த வகைக் கட்டடம் கண்ணை மூடினாலும் தெரியும். முன்னால் பெரிய பார்க்கிங், பின்னால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கடைகள். ஒரு லாண்டரி, ஒரு பீட்சா கடை, நகம் திருத்தும் கடை ஒன்று. கடைக்கோடியில் நடனப்பள்ளி.

அந்த ஹாலில் எனக்கு ரொம்ப நாளாக இரண்டு சந்தேகம். ஒன்று, ஆடும் இடம் மரப்பலகை மேடை. மேடையை விட்டு இறங்கிக் கழிப்பறைப் பக்கம் போனால் தரை சரிவாக இருக்கிறது. குழந்தைகள் தண்ணீர் பாட்டிலை வைத்தால் உருண்டு ஓடுகிறது. இரண்டாவது, பின்சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சின்னச் சதுரக் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டு.

போன வாரம் பீட்சா கடைப் பெரியவரிடம் கேட்டேன். "தெரியாதா? அது சினிமா தியேட்டர். ஜெர்ரி லூயிஸ் தியேட்டர். கொஞ்ச நாள்தான் இருந்தது" என்றார். ஜெர்ரி லூயிஸ் என்றால் அந்தக் கோணங்கிச் சேட்டை நடிகர்தானே? அவர் எதற்கு எங்கள் ஊரில் லாண்டரிக்குப் பக்கத்தில் தியேட்டர் கட்டினார்? யாருக்காவது தெரியுமா?

சும்மாவந்தவன்
தண்ணீர் பாட்டில் உருண்டதை வைத்துத் தியேட்டரைக் கண்டுபிடித்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணா.

பழையதாள்
பெரியவர் சொன்னது நடந்திருக்கக் கூடியதுதான். ஜெர்ரி லூயிஸ் தியேட்டர் கட்டவில்லை, பெயரைக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதுவரை படம் எடுப்பவர்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு பெரிய ஸ்டுடியோக்கள் தியேட்டர்களை விற்க வேண்டி வந்தது. நல்ல படம் வேண்டுமானால் கூடவே நாலு சுமார் படத்தையும் வாங்கு என்று தலையில் கட்டும் வழக்கமும் போனது. படத்துக்குப் படம், தியேட்டருக்குத் தியேட்டர் தனியாகப் பேரம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அதே காலத்தில் ஜனங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோகிறார்கள். கடைகளும் பின்னாலேயே போகின்றன. பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரமிங்ஹாமில் 1951இல் திறந்த ஷாப்பர்ஸ் வேர்ல்டில் அப்போதே ஒரு சினிமா உண்டு. 1963இல் கான்சாஸ் சிட்டியில் வார்ட் பார்க்வே ஷாப்பிங் சென்டரில் ஸ்டான்லி டர்வுட் ஒரே கட்டடத்தில் இரண்டு திரை வைத்தார். ஒரே டிக்கெட் கவுண்டர், ஒரே ஆபரேட்டர் அறை. அவருடைய கம்பெனிதான் பின்னாளில் ஏ.எம்.சி. என்ற பெரிய தியேட்டர் நிறுவனம் ஆனது. ஆக, ஷாப்பிங் சென்டரில் சின்னத் தியேட்டர் என்பது ஜெர்ரி லூயிஸ் காலத்தில் புது யோசனை இல்லை. பிழைக்கும் என்று மற்றவர்கள் ஏற்கனவே காட்டியிருந்தார்கள்.

1969இல் ஜெர்ரி லூயிஸ் ஒரு நிறுவனத்துக்குத் தன் பெயரைத் தந்தார். தியேட்டரை ஃபிராஞ்சைஸ் முறையில், அதாவது பெயரையும் நடத்தும் முறையையும் கட்டணம் வாங்கி உரிமமாகக் கொடுத்து, விற்பது திட்டம். ஹாம்பர்கர் கடை மாதிரி. 200 முதல் 350 இருக்கை. 'மினி தியேட்டர்' என்றே விளம்பரம். வாசலில் அவருடைய பக்கவாட்டு முகம் கார்ட்டூனாக வரைந்த பலகை. ஒற்றைத் தியேட்டர் நடத்த விரும்புகிறவர் இடத்தைப் பொறுத்து 10,000 அல்லது 15,000 டாலர் கட்ட வேண்டும். 50,000 கட்டினால் ஒரு பகுதிக்கே இயக்குநர் ஆகலாம். அதாவது தன் தியேட்டரோடு அந்தப் பகுதியில் மற்றவர்களுக்கு உரிமம் விற்கும் பொறுப்பும் கிடைக்கும். ஆரம்பத்தில் 158 பகுதிகள் விற்றன.

சினிமாத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. படம் பிடித்துத் தருவது கம்பெனி பொறுப்பு. இயந்திரம் தானாக ஓடும். இரண்டு பேர் இருந்தால் தியேட்டர் நடத்திவிடலாம் என்றார்கள். யார் வாங்குவார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். சேமிப்பு கொஞ்சம் கையில் உள்ளவர்கள், வேலையை விட்டுவிட்டு ஏதாவது சொந்தமாகச் செய்யலாம் என்று இருந்தவர்கள்.

வடக்குவாசல்
இரண்டு பேரா? 300 பேர் உட்காரும் தியேட்டருக்கா? டிக்கெட் கிழிக்கவே ஒருவர் வேண்டாமா?

கேபின்பையன்
இது என் துறை, நான் சொல்கிறேன்.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். நான் வளர்ந்ததே கேபினில்தான், அதாவது படம் ஓட்டும் அறையில். அந்தக் காலத்து ஆபரேட்டர் ஏன் கேபினை விட்டு நகர முடியாது என்றால் காரணம் கார்பன். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் மின்பொறி எரியும், அதுதான் வெளிச்சம். குச்சி எரிய எரியத் தேயும். இடைவெளி கூடினால் திரை மங்கும், ஜனங்கள் விசிலடிப்பார்கள். அதனால் பக்கத்திலேயே நின்று இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். 2,000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும். அது முடியும்போது அடுத்த மெஷினில் அடுத்த ரீலைத் தயாராக வைத்து மாற்ற வேண்டும். எங்கள் டூரிங் டாக்கீஸில் ஒரே மெஷின், அதனால் ரீலுக்கு ரீல் இடைவேளை. அது வேறு கதை.

அமெரிக்காவிலும் அடிப்படை இதேதான். மாற்றியது செனான் விளக்கு. குச்சி கிடையாது, பெரிய பல்பு. போட்டுவிட்டால் படம் முடியும்வரை அதுபாட்டுக்கு எரியும். அப்புறம் 6,000 அடி பெரிய ரீல். நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டே ரீலில் முழுப் படமும் முடிந்துவிடும். ஃபிலிமின் ஓரத்தில் சின்ன உலோகப் பட்டை ஒட்டிவிடுவார்கள். அது மெஷினைக் கடக்கும்போது விளக்கு அணையும், மெஷின் மாறும், கடைசியில் மறுபடி விளக்கு எரியும். எல்லாம் தானாக. ஒருவர் டிக்கெட் கொடுத்துவிட்டு, பாப்கார்ன் போட்டுவிட்டு, மேலே போய்ப் பொத்தானை அழுத்தலாம். பொய் இல்லை, நிஜமாகவே முடியும்.

ஆனால் ஃபிலிம் அறுந்தால்? ஒட்டு பிய்ந்தால்? இரண்டாம் ரவுண்டு, மூன்றாம் ரவுண்டு ஓடி வந்த பிரிண்டில் ஓரமெல்லாம் கிழிந்திருக்கும். அதைக் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள் கேபினில் வேண்டும். பொத்தானுக்கு அது தெரியாது.

சும்மாவந்தவன்
"பொத்தானுக்கு அது தெரியாது." ஆபரேட்டர் மகன் என்பதை நிரூபித்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை
எல்லோரும் விளக்கையும் ரீலையும் பேசுகிறீர்கள். நான் கல்லாப்பெட்டிப் பக்கம் நிற்கிறேன்.

1970இல் அமெரிக்காவில் சராசரி டிக்கெட் 1 டாலர் 55 சென்ட். 300 இருக்கை, தினம் இரண்டு காட்சி, சராசரியாக முப்பது சதவீதம் நிரம்புகிறது என்று நான் ஒரு உதாரணத்துக்கு வைக்கிறேன். தினம் 180 டிக்கெட், 279 டாலர். வாரத்துக்கு 1,953. இதில் பாதியை டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்தால் மிச்சம் ஆயிரத்துக்கும் கீழே. அதில் கடை வாடகை, மின்சாரம், பேப்பர் விளம்பரம், இயந்திரக் கடனுக்குத் தவணை, இரண்டு பேர் சம்பளம், கம்பெனிக்குச் சேர வேண்டியது. பாப்கார்ன் காப்பாற்றினால் உண்டு. அந்த முப்பது சதவீதமும் நல்ல படம் கிடைத்தால்தான்.

இன்னொன்றும் பாருங்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் புது வீடு ஒன்றின் நடுத்தர விலை 23,000 டாலரைச் சுற்றித்தான். 15,000 டாலர் என்பது அரை வீட்டுக்கு மேல். அது வெறும் உரிமத்துக்கு. கட்டடமும் நாற்காலியும் மெஷினும் தனி.

சினிமா பார்க்கும் கூட்டமோ அப்போது அடிமட்டத்தில் இருந்தது. 1971இல் நாடு முழுக்க விற்றது சுமார் 82 கோடி டிக்கெட். அதற்கு 25 வருஷம் முன்பு, போர் முடிந்த கையோடு, இதைப் போல நாலைந்து மடங்கு விற்றது. கிணறு வற்றிய பிறகு வாளி விற்றார்கள் என்று சொல்லலாம்.

பழையதாள்
கணக்கு சரி, கடைசி வரியில் எனக்குச் சம்மதம் இல்லை. அதே வற்றிய கிணற்றில் ஜெனரல் சினிமா கம்பெனி ஷாப்பிங் சென்டர் ஷாப்பிங் சென்டராகத் திரை வைத்து நாட்டின் பெரிய தியேட்டர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. டர்வுட்டும் அதே வருஷங்களில்தான் வளர்ந்தார். தண்ணீர் இருந்தது. இவர்கள் கயிற்றுக்கு எட்டவில்லை.

முன்னால் நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா, தியேட்டருக்குத் தியேட்டர் பேரம் என்று. டிஸ்ட்ரிபியூட்டர் யாருக்குப் புதுப் படம் கொடுப்பார்? 900 இருக்கைக்காரருக்கா, 300 இருக்கைக்காரருக்கா? கம்பெனி எல்லோருக்கும் சேர்த்துப் பேரம் பேசும், அதனால் நல்ல படம் வரும் என்பதுதான் உரிமம் எடுத்தவர்களின் நம்பிக்கை. அந்தக் குட்டித் தியேட்டர்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு ஊரில் அவர்களுக்கு ஒரே ஒரு குட்டித் தியேட்டர்தான். ஊரில் எது பெரியதோ அதற்குத்தான் படம் போகும். மிச்சம் வந்தது ஓடி முடித்த படம்.

இதற்கு மேல் ஒரு விரதம் வேறு. குடும்பத்தோடு பார்க்கிற படம் மட்டும்தான் போடுவோம் என்று கம்பெனியின் கொள்கை. ஜெர்ரி லூயிஸின் பெயருக்கு அது பொருத்தம்தான். ஆனால் நேரம்? 1968 நவம்பரில்தான் புதிய ரேட்டிங் முறை வந்தது. அதுவரை காட்ட முடியாததை எல்லாம், சிறுவர்கள் தனியாக வந்து பார்க்க முடியாத 'ஆர்' முத்திரையோடு காட்டலாம் என்று ஹாலிவுட் கிளம்பிய வருஷங்கள் இவை. 1972இல் ஊரே வரிசையில் நின்ற 'காட்ஃபாதர்' ஆர். 1973 கடைசியில் ஊரே அலறிய 'எக்ஸார்சிஸ்ட்' ஆர். ஜனங்கள் எதற்கு வரிசையில் நிற்கிறார்களோ அதைப் போடக் கூடாது, போடலாம் என்ற படமோ எல்லோரும் பார்த்து முடித்தது. பிறகு கொள்கையைத் தளர்த்தினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மீனா ஒஹாயோ
தம்பிகளா, நான் இங்கே வந்தது 1972இல். அவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், கையில் பணம் கிடையாது. எங்கள் அபார்ட்மெண்டுக்கு அருகே மளிகைக் கடை இருந்த பிளாசாவில் இப்படி ஒரு சின்ன சினிமா. வாசலில் இந்தக் கார்ட்டூன் முகம் இருந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அளவு நீங்கள் சொல்கிற அளவுதான். வெள்ளிக்கிழமை மளிகை வாங்கிக்கொண்டு பையோடு உள்ளே போவோம். பால் கெட்டுவிடுமே என்று நான் குளிர்காலத்தில் மட்டும்தான் சம்மதிப்பேன், பையைக் காரிலேயே விட்டுவிடலாம் பாருங்கள்.

ஒரு இரவு மொத்தம் ஏழு பேர் இருந்தோம். டிக்கெட் கொடுத்த அம்மாவே பாப்கார்னும் கொடுத்தார். அவரே உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்களோடு படம் பார்த்தார். எனக்கு அது வீட்டில் டிவி பார்க்கிற மாதிரி இருந்தது, பிடித்தும் இருந்தது. மெட்ராஸில் தியேட்டர் என்றால் பால்கனியும் திரைச்சீலையும் பார்த்துப் பழகினவளுக்கு இது ஒரு வரவேற்பறை. அடுத்த வருஷம் அந்த இடத்தில் கம்பளம் விற்றார்கள்.

வடக்குவாசல்
மீனா அக்கா, அந்த அம்மாதான் முதலாளியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மீனா ஒஹாயோ
இருக்கலாம் தம்பி. அப்போது தோன்றவில்லை. இப்போது இதையெல்லாம் படிக்கும்போது தோன்றுகிறது.

விடாக்கொண்டன்
சுருக்கமாகச் சொன்னால் ஜெர்ரி லூயிஸ் ஊரை ஏமாற்றினார். அவ்வளவுதானே? இதற்கு ஏன் இவ்வளவு நீட்டல்?

பழையதாள்
அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. அவர் பெயரைக் கொடுத்தார், விளம்பரத்தில் முகத்தைக் கொடுத்தார். பெயரை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டுக்குள் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனவரின் கதை இப்படி முடியாது. 1980இல் நிறுவனமும் திவால், அவரும் திவால். 1972இல் சொந்தமாக இயக்கிய ஒரு படம் பணத் தகராறில் சிக்கி இன்றுவரை தியேட்டருக்கு வரவில்லை. 1970இல் வந்த படத்துக்குப் பிறகு 1980 வரை அவர் நடித்து ஒரு படமும் திரைக்கு வரவில்லை. இந்தத் தியேட்டர்கள் செத்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள்.

தொழில்நுட்பம் தெரியாத ஆளும் இல்லை. 1960இல் படமெடுக்கும்போதே ஃபிலிம் கேமராவோடு வீடியோ கேமராவைப் பொருத்தி, எடுத்த காட்சியை அப்போதே திரையில் போட்டுப் பார்த்தவர். இன்று எல்லாப் படப்பிடிப்பிலும் டைரக்டர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வழக்கத்துக்கு முன்னோடி. பொத்தானை அழுத்தினால் தியேட்டர் ஓடும் என்று அவர் உள்ளபடியே நம்பியிருப்பார் என்பது என் எண்ணம்.

கணக்குப்பிள்ளை
நம்பினாரா இல்லையா என்பதை விடுங்கள். பணம் எங்கே உருவானது என்று பார்த்தால் போதும். டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கும் கம்பெனிக்குத் தியேட்டர் பிழைப்பது முக்கியம். தியேட்டர் விற்றுச் சம்பாதிக்கும் கம்பெனிக்கு அடுத்த தியேட்டர் விற்பதுதான் முக்கியம். 50,000 கொடுத்த பகுதி இயக்குநரை நினைத்துப் பாருங்கள். தன் தியேட்டரில் ஈ ஓட்டினாலும், பக்கத்து ஊர்க்காரரிடம் 'அருமையான தொழில்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் போட்ட பணம் திரும்ப அதுதான் வழி.

இது இவர்கள் மட்டும் செய்ததும் இல்லை. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் பிரபலங்கள் பெயரில் ஃபிராஞ்சைஸ் விற்பது ஒரு ஜுரம். மின்னி பேர்ல் என்ற நகைச்சுவைக் கலைஞர் பெயரில் கோழி வறுவல் கடைகள் வந்தன. கடை திறக்கும் முன்பே, வரவேண்டிய உரிமக் கட்டணத்தை எல்லாம் வந்த வருமானமாக எழுதிக்கொண்டார்கள். பங்கு விலை ஏறியது, பிறகு விழுந்தது. கணக்கர்கள் உட்கார்ந்து ஃபிராஞ்சைஸ் கட்டணத்தை எப்போது வருமானமாகக் காட்டலாம் என்று விதி எழுத வேண்டி வந்தது இப்படித்தான். வாங்குகிறவருக்கு முன்கூட்டியே எல்லா விவரமும் எழுதித் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா 1970இல் சட்டம் போட்டது. நாடு முழுக்க அப்படி ஒரு விதி 1979இல்தான் அமலுக்கு வந்தது. ஜெர்ரி லூயிஸ் தியேட்டர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த இடைவெளியில் விழுந்தவர்கள்.

விடாக்கொண்டன்
சரி, 'ஏமாற்றினார்' என்பதை வாபஸ் வாங்குகிறேன். 'ஏமாறும்படி பார்த்துக்கொண்டார்கள்' என்று வைத்துக்கொள்கிறேன்.

கேபின்பையன்
நம் ஊரிலும், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாத 'மினிமம் கேரண்டி' தொகையைக் கட்டிப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தியேட்டர்காரர்கள் நிறைய. ஆனால் அவர்கள் ஒரு படத்தில் தோற்றால் அடுத்த படப் பெட்டியில் மீள்வார்கள். இங்கே பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். என் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்.

வடக்குவாசல்
இப்போது புரிகிறது. அப்படியானால் அந்தக் கட்டடங்கள் எல்லாம் என்ன ஆயின?

பழையதாள்
1970களின் நடுவிலேயே பல இடங்களில் பலகை இறங்கிவிட்டது. சில தியேட்டர்கள் வேறு பெயரில் ஓடின. கார்ட்டூன் முகத்தை எடுத்துவிட்டு, கம்பெனி பிடியிலிருந்து விலகி, உள்ளூர்க்காரர் தானே படம் பிடித்து, டிக்கெட் விலையைக் குறைத்து ஓட்டினார். மற்றவை மீனா அம்மா சொன்னது போலக் கம்பளக் கடை, தேவாலயம், உடற்பயிற்சிக்கூடம், இப்போது பரதநாட்டியம். சரிந்த தரையை நிரப்பிச் சமப்படுத்தினால் அது ஒரு சாதாரணக் கடைதான். பெரிய அரங்குக்கு அந்த வசதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால் இவர்கள் சொன்ன அளவுதான் பிற்காலத்தில் வென்றது. 200, 300 இருக்கை, தானியங்கி மெஷின், குறைந்த ஆள். ஆனால் ஒரே ஒரு அரங்கு அல்ல, எட்டு பத்து அரங்குகள் ஒரே கூரையின் கீழ். ஒன்றில் ஈ ஓட்டினால் இன்னொன்று காப்பாற்றும். அப்படி வென்ற ஜெனரல் சினிமாவும் 2000இல் திவால் மனு கொடுத்து, பிறகு ஏ.எம்.சி. கைக்குப் போனது. அதைப் பேச ஆரம்பித்தால் தனி இழை வேண்டும்.

கேபின்பையன்
வடக்குவாசல் அண்ணா, ஒரு உதவி. அந்தச் சதுரக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அறையைப் பார்க்க முடியுமா? மெஷின் எப்படியும் போயிருக்கும். தரையில் போல்ட் துளை எத்தனை கூட்டம் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், உள்ளே கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையில் கட்டிய கேபின் என்றால் ஆபரேட்டர் வெளியே போக முடியாது, அதனால் பல இடங்களில் உள்ளேயே ஒன்று வைத்திருப்பார்கள்.

வடக்குவாசல்
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டீச்சரிடம் சாவி இல்லை, கட்டட உரிமையாளரின் ஆள் வந்து திறந்தார். ஏணிப்படி மாதிரி செங்குத்தான படி. மேலே ஒரு குறுகிய அறை, எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதி இருக்கும். கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகள், பழைய பெயிண்ட் டப்பாக்கள். பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். தரையில் போல்ட் துளைகள் இரண்டு கூட்டம், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. சுவரில் கண்ணாடி ஒன்று அல்ல, நாலு இருந்திருக்கிறது. மூன்றை அடைத்துப் பூசிவிட்டார்கள்.

கழிப்பறை இல்லை. குழாய் போன தடயம்கூட இல்லை.

கேபின்பையன்
இரண்டு மெஷின், 6,000 அடி ரீல், ஆள் கிடையாது. அப்படித்தான் இருந்திருக்கும். படம் எடுத்தீர்களா? அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.

வடக்குவாசல்
எடுத்தேன், தனிமடலில் அனுப்புகிறேன். ஒரு கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபோது மகள் அரைமண்டியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே ஆள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.